சாய்ந்த மருதும் தலைகீழாய்த் தொங்கும் விருந்தாளியும்

சில மாதங்களுக்கு முன்னர் ஊரிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு. எனக்கு இளையவர், உறவுக்காரர். சுகம் விசாரித்த பிறகு விடயத்துக்கு வந்தார்.

"காக்கா, எங்கட வளவுக்குள்ள நிக்கிற வாகை மரத்த வெட்டச் சொல்லி அக்கம்பக்கத்தில நிக்கிறாங்க. வவ்வால் வந்து தொங்குது. நிபா வருமாம். அது ஹராமான பிராணியும்தானே. என்ன செய்யிறது?"

நான் விலங்கியல் கற்றவன் அல்லன். கலைப் பட்டதாரி, முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்தித்தாளுக்கு எழுதிப் பிழைத்தவன். எனினும் கேள்வி என்னை விடவில்லை. சாய்ந்தமருதில் இன்று மரம் நிற்கக்கூடிய இடமே அரிது. கிழக்கே கடல், மேற்கே வயல், இடையில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். மிஞ்சியிருக்கும் ஒரு பெரிய மரத்தை ஒரு வதந்திக்காக இழப்பதா? அல்லது ஒரு மரத்துக்காகக் குழந்தைகளை ஆபத்தில் வைப்பதா? இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். அந்த இரண்டு நாள் தேடல் பின்னர் பல வாரங்களாக நீண்டது. அதில் கிடைத்தவற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

"வௌவால் வீட்டுக்கு வௌவால் விருந்துக்குப் போனால், நீயும் தொங்கு நானும் தொங்கு" என்பது நம்மவர் பழமொழி. வௌவால் வீட்டில் விருந்தில்லை என்பது கேலி. ஆனால் வௌவால் உண்மையில் என்னதான் உண்கிறது என்று பார்க்கப் புகுந்தால், அதுவே ஒரு நீண்ட வரலாறு.

அவ்வரலாற்றின் பழைய பக்கங்கள் தமிழில்தான் இருக்கின்றன. சங்கப் புலவர்கள் வாவல் என்று அழைத்த இப்பிராணியை அவர்கள் பேயோடும் பிணத்தோடும் மட்டும் சேர்த்துப் பார்க்கவில்லை. அதன் உணவைக் கவனித்தார்கள். குறுந்தொகையின் 201ஆம் பாடலில் அது இனிய மாம்பழத்தை உண்டு, பின் புளிப்பான நெல்லியையும் தின்று, முள்ளில்லாத மூங்கிலில் தொங்குகிறது. 352ஆம் பாடலில் அதன் இறகு ஆம்பல் இலையின் புறப்பக்கத்துக்கு ஒப்பாகிறது. பகலில் தங்கிய முதுமரம் தனித்துப்போக, மாலையில் பலாமரச் சாரலை நோக்கி அது புறப்படுகிறது. நற்றிணையின் 87ஆம் பாடலில் நக்கண்ணையார் இன்னும் ஒரு படி மேலே செல்கிறார். ஊர் மாமரத்தின் உயர்ந்த கிளையில் உறங்கும் வாவல், சோழநாட்டு அழிசிக் காட்டு நெல்லியின் புளிப்பைக் கனவு காண்கிறது. பகலில் ஒரு மரத்தில் தங்குவதும், இரவில் தொலைவிலுள்ள வேறு மரங்களைத் தேடிப் போவதும், பருவத்துக்குப் பருவம் பழம் மாற்றுவதும் இன்றைய ஆய்வாளர்கள் ஒலிபரப்புக் கருவி கட்டி அறிந்துகொள்ளும் செய்திகள். நம் புலவர்கள் வெறுங்கண்ணால் கண்டிருக்கிறார்கள்.

நம் மார்க்க மரபின் நூல்களும் இவ்விடயத்தில் நம்மைவிடக் கூர்மையாகவே இருந்தன. ஒன்பதாம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த அல்ஜாஹிஸ் தமது 'கிதாபுல் ஹயவான்' நூலில், இறகில்லாமல் பறப்பதும், குட்டியீன்று பாலூட்டுவதும், பல்லும் காதும் உடையதுமான வௌவாலைப் படைப்பின் வியப்பாகவே பேசுகிறார். ஈஸா நபி (அலை) அவர்கள் களிமண்ணால் செய்து அல்லாஹ்வின் அனுமதியோடு உயிர் பெற்ற பறவை வௌவால்தான் என்று தப்ஸீர் ஆசிரியர்கள் சிலர் எழுதியிருக்கிறார்கள். ஷாபிஈ மத்ஹபின்படி வௌவாலை உண்பது கூடாது. ஆனால் உண்ணக்கூடாது என்பது கொல்லலாம் என்பதாகாது. வௌவாலைக் கொல்ல வேண்டாம் என்ற கருத்தை நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரழி) அவர்களின் கூற்றாக இமாம் பைஹகீ பதிவு செய்திருக்கிறார். அது நபிமொழியன்று, தோழரின் கூற்று. ஆயினும் "ஹராமான பிராணி" என்று சொல்லிக் கோடரியை எடுப்பவர் அதையும் அறிந்திருக்க வேண்டும்.

ஐரோப்பியர் வந்த பிறகு வௌவால்களுக்குப் பெயர் சூட்டும் பணி தொடங்கியது. இன்று ஆபிரிக்காவிலிருந்து அவுஸ்திரேலியா வரை பரந்து வாழும் ஒரு வௌவால் பேரினத்துக்கு உலக விஞ்ஞானிகள் வழங்கும் பெயர் 'கெரிவூலா'. 1842இல் ஜோன் எட்வர்ட் கிரே சூட்டிய இப்பெயர் இலங்கையில் பிறந்தது. காய்ந்த வாழையிலைக்குள் ஒடுங்கி உறங்கும் செம்மஞ்சளும் கறுப்பும் கலந்த சிறு வௌவாலைச் சிங்கள மக்கள் வாழை வௌவால் என்ற பொருளில் 'கெஹெல் வவுலா' என்றனர். அது சிதைந்து கெரிவூலா ஆயிற்று.

இலங்கையில் பிறந்த இராணுவ மருத்துவர் எட்வர்ட் பிரெடரிக் கெலார்ட் 1850இல் ஓர் இலைமூக்கு வௌவாலை விவரித்து அதற்கு 'லங்காதிவ' என்ற நம் தீவின் பழம்பெயரையே இட்டார். அவரது விலங்கின நூல் 1852இல் வெளிவந்தது. தேயிலைத் தோட்டத் துரையான டபிள்யூ. டபிள்யூ. ஏ. பிலிப்ஸ் 1935இல் இலங்கைப் பாலூட்டிகள் பற்றிய கையேட்டை வெளியிட்டார். இந்தத் தேடல் இன்னும் முடிந்தபாடில்லை. இலங்கையிலும் இந்தியாவிலும் வாழும் ஒரு நீள்சிறகு வௌவால் தனி இனம் என்று 2022இல்தான் உறுதியாயிற்று. அதற்கு அந்தப் பிலிப்ஸின் பெயரையே வைத்தார்கள்.

தமிழ்நாட்டில் இதைவிட விசித்திரமான ஒரு கதை உண்டு. தேனி மாவட்டத்து மேகமலையில் 1948இல் அங்கஸ் ஹட்டன் என்பவர் ஒரு பழந்தின்னி வௌவாலைப் பிடித்தார். வழக்கமான இனம் என்ற பெயர்ச்சீட்டோடு பம்பாயில் அது பல்லாண்டு கிடந்தது. 1972இல் தாய்லாந்து அறிஞர் கிட்டி தொங்லோங்யா அதை எடுத்துப் பார்த்தபோது, அது இனம் மட்டுமல்ல, பேரினமே புதியது என்று தெரிந்தது. பறவையியலாளர் சாலிம் அலியின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. அதே 1972இல் இந்தியாவில் இயற்றப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பழந்தின்னி வௌவால்களைக் காகத்தோடும் எலியோடும் ஒரே பட்டியலில், அழிக்கத்தக்க பிராணிகளாக வைத்தது. பழத்தோட்டக்காரரின் முறைப்பாடு சட்டமாயிற்று. அந்தப் பட்டியல் நீங்குவதற்கு 2022ஆம் ஆண்டுத் திருத்தம் வரை, ஐம்பது ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது.

இனி உணவுக்கு வருவோம். உலகில் 1,400க்கும் மேற்பட்ட வௌவால் இனங்கள் உள்ளன. பாலூட்டி இனங்களில் ஐந்தில் ஒன்று வௌவால். நமது சிறு தீவில் ஏறத்தாழ 30 இனங்கள். அவற்றில் பழமும் பூந்தேனும் உண்பவை நான்கே. நம் வாகை மரத்தில் தொங்கும் பெரிய பழந்தின்னி வௌவால் அவற்றில் ஒன்று. சிறகை விரித்தால் நான்கு அடி வரும். அது பழத்தைச் சப்பிச் சாற்றை விழுங்கிச் சக்கையைத் துப்பும். சிறு விதைகள் வயிற்றினூடாகச் சென்று எங்கோ ஓரிடத்தில் எச்சத்தோடு விழும். இலுப்பை, அத்தி, ஆல், நாவல் ஆகியவற்றின் விதைகளை அது இலவசமாகச் சுமந்து செல்கிறது. இரவில் மலரும் இலவமரப் பூவில் மகரந்தம் சேர்ப்பதும் வௌவால்தான்.

எஞ்சிய இனங்கள் பெரும்பாலும் பூச்சியுண்பவை. இருட்டில் அவை எவ்வாறு வேட்டையாடுகின்றன என்ற புதிரை 1790களில் இத்தாலியின் ஸ்பலன்சானி எழுப்பினார். கேட்காத ஒலியை எழுப்பி, அதன் எதிரொலியைக் கேட்டு வழியறிகின்றன என்று டொனால்ட் கிரிபினும் ரொபர்ட் கலம்பொசும் நிரூபித்தது 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான். பூச்சியோடு தவளை, பல்லி, சுண்டெலி ஆகியவற்றையும் பிடிக்கும் 'பொய் இரத்தக்காட்டேரி' வௌவாலும் நம் நாட்டில் உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் மாரிமுத்துவும் ஜெர்மனியின் நொய்வைலரும் 1987இல் வெளியிட்ட ஆய்வு, இவ்வௌவால் தவளையின் குரலைக் கேட்டு அல்ல, அது தாவும்போது எழும் சலசலப்பைக் கேட்டே பாய்கிறது என்று காட்டியது. உண்மையில் இரத்தம் குடிக்கும் வௌவால்கள் உலகில் மூன்றே இனங்கள். மூன்றும் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்பவை. நம் பக்கத்துப் பயக் கதைகளுக்கு அவை பொறுப்பல்ல.

அம்பாறை வயல்களை அறிந்தவர்களுக்கு இங்கே ஒரு கணக்கு. தாய்லாந்தில் சுருக்க உதட்டு வௌவால் என்ற இனம் நெற்பயிரை உறிஞ்சும் வெண்முதுகுத் தத்துப்பூச்சியைப் பெருமளவில் தின்கிறது. இவ்வினம் இலங்கையிலும் உண்டு. இதனால் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,900 தொன் நெல் அந்நாட்டில் காப்பாற்றப்படுவதாக 2014இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. சுமார் 26,000 பேருக்கு ஓராண்டுச் சோறு. மருந்தடித்துக் கைகால் வீங்கும் நம் விவசாயிகள் கேட்க வேண்டிய கணக்கு இது.

வௌவாலின் உணவை முழுமையாக அறிய ஆபிரிக்காவைப் பார்க்க வேண்டும். அக்கண்டத்தில் மட்டும் 300க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. அங்கே போவதற்கு நமக்கு ஒரு பழைய வழியும் உண்டு. மன்னார் பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரத்தைப் பார்த்திருப்பீர்கள். சுற்றளவு ஏறத்தாழ 19.5 மீற்றர். நெடுந்தீவிலும் ஒன்று நிற்கிறது. ஆபிரிக்காவுக்குரிய அம்மரத்தை ஒட்டகத் தீனிக்காக அரபு வணிகர் கொண்டுவந்து நட்டனர் என்பது வழிவழி வரும் செய்தி. அதன் பெரிய வெள்ளைப் பூ இரவில் மலரும். ஆபிரிக்காவில் அப்பூவுக்கு மகரந்தம் கொண்டுவரும் முக்கிய விருந்தாளி பழந்தின்னி வௌவால். நம் முன்னோரின் மரக்கலம் ஒரு மரத்தைக் கொண்டுவந்தது என்றால், அதற்குரிய விருந்தாளியின் உறவினர் இங்கே முன்னரே காத்திருந்தார் எனலாம்.

சாம்பியாவின் கசங்கா காட்டில் ஒவ்வோர் ஆண்டும் ஒக்ரோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் வைக்கோல் நிறப் பழந்தின்னி வௌவால்கள் கூடுகின்றன. எண்பது இலட்சத்திலிருந்து ஒரு கோடி வரை என்று கணக்கிடுகிறார்கள். மழையோடு பழுக்கும் காட்டுப் பழங்களே அவற்றை அழைக்கின்றன. அதே இனம் கானாவின் தலைநகர் அக்ராவில், 37ஆம் இராணுவ மருத்துவமனை மரங்களில் பகலெல்லாம் தொங்குகிறது. நோயுற்று அங்கே வந்து இறந்த ஒரு கிராமத் தலைவரைப் பின்தொடர்ந்து வந்த வௌவால்கள் இன்னும் அவருக்காகக் காத்திருக்கின்றன என்பது அந்நகர மக்களின் கதை. அந்த மரங்களில் 1,52,000 வௌவால்கள் இருந்த காலத்தில், ஒரே இரவில் அவை 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட சிறு விதைகளைப் பரப்பக்கூடியவை என்று 2019இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. காடு அழிந்த நிலத்துக்கு விதை கொண்டுபோவது, நகரத்து மருத்துவமனை மரத்தில் தூங்கும் பிராணி.

சரி, நோய்? உறவுக்காரரின் பயத்தைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. நிபா உண்மையான நோய். 1998இலும் 1999இலும் மலேசியாவில் பரவிற்று. 2018இல் கேரளத்தின் கோழிக்கோட்டில் 17 பேரின் உயிரைக் குடித்தது. அதன் வைரஸ் குடியிருப்பது பழந்தின்னி வௌவாலில் என்பதும் உண்மையே. எந்த வழியால் அது மனிதனுக்கு வருகிறது என்பதுதான் கேள்வி.

இலங்கையில் கொலனித்துவச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், பெரிய வௌவால்கள் கள்ளிறக்கும் காலத்தில் தென்னைகளை நாடி வருவதையும், போதையேறியவை போல நடந்துகொள்வதாகச் சொல்லப்படுவதையும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே எழுதிவைத்தார். அன்று அது வேடிக்கைச் செய்தி. ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு பங்களாதேஷில் அதே காட்சி நோயின் துப்பாயிற்று. 2001 முதல் அங்கே நிபா அடிக்கடி தலைகாட்டியது. இரவில் ஈச்சமரத்தில் கட்டிய முட்டியில் வௌவால் வாய்வைக்க, காலையில் அந்தப் பச்சைப் பதநீரை மக்கள் குடித்தனர். இருட்டில் படம்பிடிக்கும் கருவி இதை உறுதிசெய்தது. கண்ட தீர்வு என்ன தெரியுமா? மரத்தை வெட்டுவதல்ல. முட்டியையும் சாறு வடியும் இடத்தையும் ஒரு மூங்கில் தட்டியால் மறைப்பது.

வௌவாலைக் கொன்றவர்களின் கதையும் உண்டு. உகண்டாவின் கிட்டாக்கா சுரங்கத்தில் 2007இல் தொழிலாளருக்கு மார்பர்க் காய்ச்சல் வந்தது. அங்கே குடியிருந்த வௌவால்களே காரணம் என்று தெரிந்ததும் 2008இல் அவற்றைக் கூண்டோடு அழித்தனர். வெற்றிடம் வெகுநாள் நிலைக்கவில்லை; புதிய வௌவால்கள் குடிவந்தன. முன்பு 100க்கு 5 என்றிருந்த தொற்று, திரும்பிவந்த கூட்டத்தில் 100க்கு 13 ஆயிற்று. 2012இல் அருகிலுள்ள இபண்டா நகரில் மார்பர்க் வெடித்தபோது, அந்நாடு அதுவரை கண்டவற்றில் அதுவே பெரியது.

அவுஸ்திரேலியாவின் பாடம் இன்னும் நேரடியானது. அங்கே ஹெண்ட்ரா என்ற வைரஸ் வௌவாலிலிருந்து குதிரைக்கும், குதிரையிலிருந்து மனிதனுக்கும் வருவது. இருபத்தைந்து ஆண்டுத் தரவுகளை ஆராய்ந்து 2022இல் வெளியான ஆய்வு, மாரிக்காலத்தில் பூக்கும் காடுகள் அழிக்கப்பட்டு உணவு குறைந்தபோதே வௌவால்கள் பண்ணைகளை நாடி வந்தன, நோயும் கசிந்தது என்று கண்டது. மிஞ்சிய காடு நன்றாகப் பூத்த மாரிகளில் நோய் தாவவில்லை. வயிறு நிறைந்த வௌவால் தன் காட்டில் இருக்கிறது. பசித்த வௌவால் நம் வாசலுக்கு வருகிறது. இவ்வளவு தேடியதில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது இந்த ஒன்றுதான்.

நம்மவர்களுக்கு இதை நான் வலியுறுத்திச் சொல்ல ஒரு காரணமும் உண்டு. 2020இல் கொரோனா வந்தபோது வௌவால் உலகெங்கும் வசைக்கு ஆளாயிற்று. அந்த வைரஸின் உறவினங்கள் குதிரைலாட வௌவால்களில் உள்ளன என்பது மெய். அது மனிதனை அடைந்த வழி இன்னும் முடிவாகவில்லை. ஆனால் பயம் சான்றுக்காகக் காத்திருப்பதில்லை. அதே ஆண்டில், நிலத்தடி நீர் கெடும் என்ற பெயரில், எந்த அறிவியல் ஆதாரமும் இல்லாமல், நம் ஜனாஸாக்கள் கட்டாயமாக எரிக்கப்பட்டன. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் கேட்கப்படவில்லை. 2021 பெப்ரவரியில் அந்த விதி விலக்கப்பட்டு, மார்ச்சில் ஓட்டமாவடியில் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்படும் வரை நாம் பட்ட வேதனையை நான் சொல்லத் தேவையில்லை. மனிதரின் துயரத்தையும் ஒரு பிராணியின் நிலையையும் நான் சமப்படுத்தவில்லை. ஆதாரமில்லாத அச்சம் எவ்வாறு ஆணையாக மாறும் என்பதை உடலால் அறிந்தவர்கள் நாம். அந்த அனுபவம் உள்ளவர்கள் கோடரியைத் தூக்குமுன் ஒரு கணம் நின்று கேட்க வேண்டாமா?

இரண்டு நாளில் நான் உறவுக்காரருக்குச் சொன்னது இவ்வளவுதான். வௌவால் கடித்த பழத்தை, எவ்வளவு நல்ல பழமாயினும், பிள்ளைகள் தின்னக் கூடாது. விழுந்த பழத்தைக் கூட்டி அகற்றுங்கள். மற்றப் பழத்தைக் கழுவித் தோல் நீக்கி உண்ணுங்கள். கிணற்றை மூடுங்கள். விழுந்து கிடக்கும் வௌவாலை வெறுங்கையால் தொடாதீர்கள். வெடி கொளுத்தியும் கல்லெறிந்தும் கலைக்காதீர்கள். ஆண்டுக்கு ஒரு குட்டியே ஈனும் பிராணி அது. தமிழ்நாட்டில் சில கிராமத்தார், ஆலமரத்து வௌவால்கள் மிரளும் என்று தீபாவளிக்கே வெடி கொளுத்துவதில்லை.

கிணற்றுக்கு மேல் நீண்டிருந்த ஒரு கிளையை மட்டும் தறித்துவிட்டு, கிணற்றுக்கு வலை போட்டதாகப் பின்னர் சொன்னார். மரம் நிற்கிறது. அக்கம்பக்கத்தில் முணுமுணுப்பும் நிற்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

எங்கள் ஊரின் பெயரே ஒரு மரத்தின் பெயர். சாய்ந்து நின்ற ஒரு மருது. நீர்க்கரை மருதமரம் பழந்தின்னி வௌவால் விரும்பித் தங்கும் மரங்களில் ஒன்று. அந்த மருதிலும் அவை தொங்கியிருக்கலாம். ஊருக்குப் பெயர் கொடுத்த அந்த மரம் நின்ற இடத்தை இதுவரை எனக்கு யாரும் காட்டியதில்லை.